புவேர்த்தோ இகுவாசுவில் மூன்று இரவுகள்: அருவிக்கும் எல்லைக்கும் முழுமையான வழிகாட்டி

இகுவாசு அருவிக்குப் போகிறவர்களில் பலர் காலையில் விமானத்தில் வந்து இறங்குகிறார்கள், பையோடு நேராக அருவிக்குப் போகிறார்கள், மறுநாள் காலையில் கிளம்பிவிடுகிறார்கள். பக்கத்து ஊர் அவர்களுக்கு ராத்திரி தலைசாய்க்கும் இடம், அவ்வளவுதான். நானும் அம்மாவும் நான்கு இரவுகள் தங்கினோம். சென்னையிலிருந்து முப்பது மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து போகிற இடத்துக்குக் குறைந்தது மூன்று இரவாவது கொடுங்கள் என்பதுதான் என் முதல் யோசனை. அருவிக்கு இரண்டு நாள் தேவை. மீதி நேரம் ஊருக்கு.

ஊரின் பெயர் புவேர்த்தோ இகுவாசு. அர்ஜென்டினாவின் வடகிழக்கு மூலையில், மிசியோனெஸ் மாநிலத்தில் இருக்கிறது. இகுவாசு ஆறு இந்த ஊரின் ஓரத்தில்தான் பரானா ஆற்றில் கலக்கிறது. இகுவாசுவுக்கு வடக்குக் கரை பிரேசில், அங்கே ஃபோஸ் தோ இகுவாசு நகரம். பரானாவுக்கு மேற்குக் கரை பராகுவே. மூன்று நாடுகளும் ஒரே பார்வையில் தெரியும். அருவி ஊருக்குள் இல்லை. அருவி இருக்கும் பூங்காவின் வாசல் ஊரிலிருந்து சுமார் 17 கிலோமீட்டர்.

கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பு: தடுப்பூசி, விசா

விமான டிக்கெட்டுக்கு முன்னால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை யோசியுங்கள். அர்ஜென்டினா உங்களிடம் அதைக் கேட்காமல் போகலாம். ஆனால் திரும்பி வரும்போது நம் நாடு கேட்கும். அர்ஜென்டினா, பிரேசில், பராகுவே மூன்றுமே மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கின்றன. அங்கிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் இந்தியாவில் இறங்குகிறவரிடம் தடுப்பூசிச் சான்று இல்லையென்றால், அந்த ஆறு நாள் முடியும்வரை தனிமைப்படுத்தி வைக்கலாம் என்பது விதி. சென்னைக்காரர்களுக்கு கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் ஊசி போடுகிறார்கள். தினமும் போடுவதில்லை, முன்பதிவு வேண்டும், பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் அறுபது வயதைத் தாண்டியவர்களும் முதலில் தங்கள் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். அம்மாவுக்கு 58 வயது, சர்க்கரை உண்டு. எங்கள் மருத்துவர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் போட்டோம்.

அடுத்து விசா. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அர்ஜென்டினா விசா வேண்டும். அமெரிக்கச் சுற்றுலா விசா கையில் இருப்பவர்களுக்கு மட்டும் 2025 ஆகஸ்டிலிருந்து விலக்கு உண்டு. விதிகள் மாறக்கூடியவை என்பதால் டிக்கெட் போடும் முன்பு தூதரகத் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பலர் கோட்டைவிடும் இடம் இன்னொன்று இருக்கிறது. அருவியைப் பிரேசில் பக்கத்திலிருந்து பார்க்க நான்கு மணி நேரம் போய்வந்தாலும் நமக்குப் பிரேசில் விசா கட்டாயம். உள்ளூர்க்காரர்கள் பக்கத்துத் தெருவுக்குப் போவது போலப் பாலத்தைக் கடப்பார்கள். அதைப் பார்த்து நாமும் போய்விடலாம் என்று நினைக்கக் கூடாது. பிரேசில் போய்விட்டு அர்ஜென்டினாவுக்குத் திரும்புவதாக இருந்தால், அர்ஜென்டினா விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்றும் பாருங்கள். மருத்துவக் காப்பீட்டுத் தாளின் நகல் ஒன்றும் கைப்பையில் இருக்கட்டும்.

எந்த மாதம் போவது

தென் அமெரிக்கா என்றாலே எப்போதும் வெயில் என்ற நினைப்பில்தான் நானும் இருந்தேன். இந்த ஊர் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறக்குறைய இருபத்தைந்தரை டிகிரியில் இருக்கிறது, மகர ரேகையையும் தாண்டி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. சென்னை ஆகஸ்ட் மாதிரியே வியர்க்கும், பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். ஜூன், ஜூலையில் பகல் இதமாக இருக்கும், இரவில் பத்து டிகிரிக்குக் கீழேகூட இறங்கும், காலையில் மூடுபனி. ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள். மழை இல்லாத பருவம் என்று ஒன்று அங்கே கிடையாது, வருடம் முழுக்கப் பெய்யும்.

என் தேர்வு ஏப்ரல் கடைசி முதல் மே வரை, இல்லையென்றால் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர். ஈஸ்டர் வாரம், ஜனவரி, ஜூலைப் பள்ளி விடுமுறை இந்த மூன்றிலும் நடைபாலங்களில் நிற்க இடம் இருக்காது, அறை வாடகையும் ஏறிவிடும்.

ஆற்றின் அளவும் நாளுக்கு நாள் மாறும். சாதாரணமாக வினாடிக்கு 1,500 கன மீட்டர் அளவில் ஓடுகிற ஆறு, 2023 அக்டோபர் இறுதி வெள்ளத்தில் 24,000 கன மீட்டரைத் தாண்டியது. நடைபாலங்களை மூடிவிட்டார்கள். அதனால் பயணத்துக்கு முந்தைய வாரம் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று பூங்காவின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அருவிக்கு ஒரே ஒரு நாளை ஒதுக்காமல் இரண்டு நாள் வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

போய்ச் சேரும் வழி

துபாய், தோகா, அடிஸ் அபாபா என்று ஏதாவது ஓரிடத்தில் மாறி சாவோ பாலோவுக்கோ புவனோஸ் ஐரிஸுக்கோ போக வேண்டும். புவனோஸ் ஐரிஸில் வெளிநாட்டு விமானங்கள் பெரும்பாலும் எசெய்சா விமான நிலையத்தில் இறங்கும், இகுவாசு விமானங்களோ பெரும்பாலும் நகருக்குள் இருக்கும் ஏரோபார்க்கேயிலிருந்து கிளம்பும். இரண்டுக்கும் நடுவில் நகரைக் கடந்து போக வேண்டும், நெரிசலில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். இரண்டு விமானங்களுக்கும் இடையில் குறைந்தது ஐந்து மணி நேரம் விடுங்கள். அங்கிருந்து இகுவாசுவுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பேருந்தும் உண்டு. சுமார் 1,300 கிலோமீட்டர், பதினேழு பதினெட்டு மணி நேரம். படுக்கை போலச் சாயும் இருக்கை என்பதால் இளவயதுக்காரர்கள் தாராளமாகப் போகலாம்.

எங்கே தங்குவது, காசை எப்படி வைத்துக்கொள்வது

பேருந்து நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் அறை எடுங்கள். அருவிக்கும் பிரேசிலுக்கும் வண்டி அங்கிருந்துதான். பூங்காவுக்கு இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒரு பேருந்து இருக்கிறது, டாக்ஸி தேவையே இல்லை. ஊரில் கண்ணில் முதலில் படுவது மண். நம் செம்மண் தேரி போலச் சிவந்த மண், காலணியில் ஒட்டினால் லேசில் போகாது. வெள்ளைத் துணி கொண்டுபோக வேண்டாம். முக்கியச் சாலையின் பெயர் விக்டோரியா அகிர்ரே. அருவிக்குப் பாதை போட 1901இல் பணம் கொடுத்த பெண்மணியின் பெயர் அது. அந்தப் பாதைதான் ஊருக்கே தொடக்கம்.

அர்ஜென்டினாவில் விலைவாசி வேகமாக மாறுவதால் நான் எந்த விலையையும் எழுதப் போவதில்லை. கசங்காத நூறு டாலர் நோட்டுகள் கொஞ்சம், வெளிநாட்டில் வேலை செய்யும் கார்டு இரண்டு, இவை போதும். பிரேசில் ரியாலையும் ஊரில் பல கடைகளில் வாங்கிக்கொள்கிறார்கள். மதியம் பன்னிரண்டரை மணிக்குப் பிறகு கடைகள் பல சாத்திக்கொள்ளும், நான்கு மணிக்கு மேல்தான் திறக்கும். இரவுச் சாப்பாடு எட்டரைக்கு முன்னால் கிடைப்பது கஷ்டம். மாத்திரை நேரப்படி சாப்பிடுகிற பெரியவர்கள் கூட வந்தால், ரொட்டி, பழம், சீஸ் முன்கூட்டியே வாங்கி அறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள்: பிரேசில் பக்கம்

இதில் எல்லோருக்கும் ஒரே அபிப்பிராயம் கிடையாது. முதலில் பிரேசில் பக்கம் போங்கள் என்பது என் கட்சி. இகுவாசு ஒற்றை அருவி இல்லை. சுமார் 275 அருவிகள், கிட்டத்தட்ட 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து விழுகின்றன. அதில் பெரும்பகுதி அர்ஜென்டினா மண்ணில் விழுகிறது. முழு அமைப்பும் எதிர்க்கரையான பிரேசிலில் நின்றால்தான் புரியும். மறுநாள் அர்ஜென்டினா பக்கம் நடக்கும்போது, நாம் நிற்பது எந்த அருவியின் தலைமேல் என்று சொல்லிக்கொள்ள முடியும்.

பேருந்து தான்கிரேதோ நேவெஸ் பாலத்தைக் கடந்துதான் போகும். 1985இல் திறந்த பாலம், பாதிவரை நீலமும் வெள்ளையும், மீதி பச்சையும் மஞ்சளுமாக வண்ணம் அடித்திருக்கிறார்கள். அர்ஜென்டினா சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கிப் பாஸ்போர்ட்டைக் காட்டினோம். பாலம் தாண்டிய பிறகு பிரேசில் சாவடியில் எங்கள் பேருந்து நிற்கவே இல்லை. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் உள்ளூர்க்காரர்கள், அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. நுழைவு முத்திரை இல்லாமல் பிரேசிலுக்குள் இருக்கிறோம் என்பது உறைக்கவே எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, டாக்ஸி பிடித்துத் திரும்பி வந்து, வரிசையில் நின்று முத்திரை வாங்கினோம். ஒரு மணி நேரம் போனது. ஏறும்போதே ஓட்டுநரிடம் பாஸ்போர்ட்டைக் காட்டி "மிக்ராசியோனெஸ்", அதாவது குடியேற்றச் சாவடி, என்று சொல்லிவிடுங்கள். உங்களை இறக்கிவிட்டு அவர் கிளம்பிவிட்டாலும், அதே நிறுவனத்தின் அடுத்த வண்டியில் அதே டிக்கெட்டில் ஏறலாமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போதும் பிரேசிலை விட்டு வெளியேறும் முத்திரை அவசியம்.

பூங்காவுக்குள் அவர்களுடைய பேருந்தே அழைத்துப்போகும். நடைபாதை 1.2 கிலோமீட்டர்தான். முடிவில் ஆற்றின் மேல் நீளும் ஒரு பாலம். அங்கே போகும்போது மழைக்கோட்டு போட்டாலும் நனைவீர்கள். போனுக்கு நீர் புகாத உறை வேண்டும். மொத்தம் மூன்று மணி நேரம். வாசலுக்கு எதிரே பறவைப் பூங்கா இருக்கிறது. டூக்கான் பறவையை ஒரு கை தூரத்தில் பார்க்க வேண்டுமென்றால் அங்கே இன்னொரு இரண்டு மணி நேரம் செலவிடலாம்.

இரண்டாம் நாள்: அர்ஜென்டினா பக்கம்

காலை எட்டு மணிக்கு வாசல் திறக்கும்போது அங்கே இருங்கள். உள்ளே சிறு ரயில் ஒன்று ஓடுகிறது, நுழைவுச்சீட்டிலேயே அதுவும் அடக்கம். எல்லோரும் முதலில் ரயிலில் ஏறி கர்கந்தா தெல் தியாப்லோவுக்கு, அதாவது "பிசாசின் தொண்டை"க்கு ஓடுவார்கள். நாங்கள் அந்தக் கூட்டத்தை விட்டுவிட்டு, காட்டுக்குள் போகும் பச்சைப் பாதை வழியாக நடந்து மேல் சுற்றுப்பாதைக்குப் போனோம். அந்த ஒன்றே முக்கால் கிலோமீட்டரில் படிக்கட்டு கிடையாது, அம்மாவின் முழங்காலுக்கு அதுதான் சரிப்பட்டது. அருவிகளின் உச்சியை ஒட்டியே நடைபாலம் போகும், கால் அடியில் ஆறு விளிம்பைத் தாண்டுவது தெரியும்.

கீழ்ச் சுற்றுப்பாதையில் படிகள் உண்டு. முடிந்தவர்கள் அதை விடக் கூடாது. அருவி இரண்டு தட்டாக விழுவதை அங்கிருந்து அண்ணாந்து பார்க்கலாம். சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக ஓடி இறுகிய கரும்பாறை இது. ஒவ்வோர் அடுக்கும் ஒரு படி. ஆறு அந்தப் படிகளில்தான் இறங்குகிறது.

மதியம் இரண்டு மணிக்கு மேல், கூட்டம் கரைந்த பிறகு, தொண்டைக்குப் போங்கள். ரயில் நிலையத்திலிருந்து 1,100 மீட்டர் நடைபாலம், ஆற்றின் மேலேயே போகிறது. ஆறு அங்கே அகலமாக, சத்தமே இல்லாமல், ஏரி போலக் கிடக்கும். முன்பு வெள்ளம் அடித்துக்கொண்டு போன பழைய பாலத்தின் மிச்சத் தூண்கள் நடு ஆற்றில் நிற்கும். முன்னால் புகை போல ஒன்று எழும்புவதைப் பார்த்துக்கொண்டே நடப்போம். பிறகு பாலம் முடிந்துவிடும். மூன்று பக்கமும் ஆறு உள்நோக்கிச் சரிகிறது. விளிம்பில் தண்ணீர் கண்ணாடி போல வழவழப்பாக, தேநீர் நிறத்தில் வளைகிறது. ஓர் ஆள் உயரம் இறங்குவதற்குள் வெள்ளையாகி, அதற்கும் கீழே ஒன்றும் தெரிவதில்லை. உயரம் சுமார் எண்பது மீட்டர் என்று படித்திருந்தேன், அடியைப் பார்க்க முடிந்தால்தானே அது உண்மையா என்று சொல்வதற்கு. அந்த வெள்ளைக்குள்ளிருந்து சின்னச் சின்னக் கருப்புப் பறவைகள் வெளியே வந்தன. அருவிக்குப் பின்னால் பாறையில் கூடு கட்டும் உழவாரன் இனம் அவை. விழும் தண்ணீரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகின்றன, வருகின்றன. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

குவாரனி மக்கள் இந்த இடத்துக்கு ஒரு கதை சொல்கிறார்கள். ஆற்றில் வாழ்ந்த ம்போய் என்னும் நாகத்துக்கு நைப்பி என்ற பெண்ணைக் காணிக்கையாக்க இருந்தார்கள். அவளை நேசித்த தாரோபா தோணியில் தூக்கிக்கொண்டு தப்பினான். நாகம் சினந்து உடலை வளைத்தது, ஆற்றுப்படுகை பிளந்தது. அவள் அருவியடியில் பாறையானாள், அவன் கரையில் பனை இன மரமானான். இகுவாசு என்ற பெயரே குவாரனியில் "பெருநீர்" என்பதுதான். கரையிலுள்ள அந்தப் பனைகளைப் பார்க்கும்போது கதை தெரிந்திருந்தால் நன்றாக இருக்கும்.

படகில் அருவியடிக்குப் போக ஆசை இருந்தால் காலையிலேயே பதிவு செய்யுங்கள், மாற்றுத் துணி எடுத்துக்கொள்ளுங்கள். சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதில் இடமில்லை. பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் தொண்டைக்கு நிலாநடை அழைத்துப்போவதும் உண்டு, அதற்குத் தனிச் சீட்டு. வெளியே வரும்போது சீட்டைப் பதிந்துகொண்டால் மறுநாள் நுழைவுக் கட்டணத்தில் சலுகை கிடைக்கிற வழக்கம் உண்டு, வாசலில் கேட்டுப் பாருங்கள்.

இனி கோவாத்தி. பூனையைவிடப் பெரியது, நீண்ட மூக்கு, வளைய வளையமாக வரி போட்ட வால், மண்ணைத் தோண்டுவதற்கென்றே அமைந்த நகம். சாப்பாட்டுக் கடைகளைச் சுற்றிக் கூட்டமாகத் திரியும். பார்க்கச் சாதுவாக இருக்கும். எங்களுக்குப் பக்கத்து மேசையில் ஒரு பையன் ரொட்டியை நீட்டினான். ஒன்று மேசைமேல் ஏறுவதற்குள் இன்னொன்று பின்னாலிருந்து அவன் பையின் ஜிப்பையே திறந்துவிட்டது. கடியும் பிறாண்டலும் பட்ட கைகளின் படத்தைப் பூங்காவே பலகையில் போட்டு எச்சரிக்கிறது. கையில் கவர் தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள், கவர் சத்தம் கேட்டாலே வரும். நாம் போடும் தீனி அவற்றையும் நோயாளியாக்குகிறது. தயவுசெய்து ஒரு துண்டுகூடப் போடாதீர்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

"சின் கார்னே" என்றால் "இறைச்சி இல்லாமல்". ஆனால் அங்கே கார்னே என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சி மட்டும்தான், கோழி அதில் சேராது. எனவே "சின் கார்னே, சின் போஷோ, சின் பெஸ்காதோ" என்று இறைச்சி, கோழி, மீன் மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். மக்காச்சோளம் உள்ளே வைத்து மடித்த எம்பனாதா, வெங்காயமும் சீஸும் போட்ட பீட்சா, நொக்கி எனும் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை, இவை எங்கேயும் கிடைக்கும். முட்டையும் சேராதவர்கள் மாவுப் பண்டங்களில் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

முதல் இரவு தட்டில் பொன்னிறமாக ஏதோ வறுத்து வைத்தார்கள். அம்மா ஒன்றைப் பிட்டுப் பார்த்துவிட்டு, "இது நம்ம மரவள்ளிக்கிழங்குதானேடா" என்றார். அதேதான். அங்கே அதற்கு மந்தியோகா என்று பெயர். நம் ஊருக்கு அது வந்ததே தென் அமெரிக்காவிலிருந்துதான். காலையில் தெருமுனையில் கூடையில் விற்கும் சிபாவும் மரவள்ளி மாவில் சீஸ் சேர்த்துச் சுட்டது. சேலத்தில் ஜவ்வரிசி ஆகிற அதே மாவு. சூடாக வாங்குங்கள், ஆறினால் ரப்பராகிவிடும்.

மாத்தே என்னும் பானத்துக்கான இலையும் இந்த மண்ணின் பயிர். ஃபிளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குடுவையில் இலைத்தூள் போட்டு, உலோகக் குழலால் உறிஞ்சுகிறார்கள். ஒரே குடுவை கை மாறும். யாராவது நீட்டினால் வாங்கி முழுதும் உறிஞ்சிவிட்டுக் கொடுங்கள், குழலை மட்டும் கிளறாதீர்கள். இன்னும் வேண்டுமென்றால் நன்றி சொல்லக் கூடாது. "கிராசியாஸ்" என்றால் போதும் என்று பொருள்.

மூன்றாம் நாள்: ஊரும் எல்லையும்

காலையில் பிரேசில் விசா இருப்பவர்கள் இத்தாய்ப்பு அணைக்குப் போகலாம். 14,000 மெகாவாட், பிரேசிலும் பராகுவேயும் பங்கிட்டுக்கொள்ளும் மின்சாரம். அந்த அணையின் நீர்த்தேக்கம் 1982இல் நிரம்பியபோது பரானாவிலிருந்த குவைரா அருவிகள் மூழ்கிப்போயின. தண்ணீர் அளவில் இகுவாசுவைவிடப் பெரியவை அவை. முதல் நாள் இகுவாசுவைப் பார்த்துவிட்டு அணையின் மேல் நின்றால் அந்த இழப்பு நெஞ்சில் தைக்கும். எனக்குத் தைத்தது.

அணை வேண்டாம் என்பவர்கள் ஊரிலேயே அடிபட்ட விலங்குகளைப் பராமரிக்கும் குய்ரா ஓகா காப்பகத்துக்குப் போகலாம். ஊர் ஓரத்தில் ம்ப்யா குவாரனி மக்களின் கிராமங்கள் இருக்கின்றன. அவர்களே வழிகாட்டியாக வரும் நடையில் சேர்ந்து போங்கள், கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். மரத்தில் செதுக்கிய விலங்குப் பொம்மைகளை அவர்கள் கையிலேயே வாங்குங்கள்.

மாலை ஐந்து மணிக்கு ஊரின் மேற்கு முனைக்கு நடந்து போங்கள். மூன்று எல்லைகள் சந்திக்கும் இடம் அது. நீலமும் வெள்ளையும் பூசிய ஒரு கூம்புத் தூண் இந்தக் கரையில் நிற்கிறது. எதிரே பச்சை மஞ்சளில் பிரேசிலின் தூண், அந்தப் பக்கம் சிவப்பு வெள்ளை நீலத்தில் பராகுவேயின் தூண். நடுவில் இரண்டு ஆறுகள் கலக்கின்றன. சூரியன் பராகுவே பக்கம் இறங்குகிறது. உள்ளூர்க் குடும்பங்கள் நாற்காலி எடுத்துவந்து உட்கார்ந்து மாத்தே குடிக்கிறார்கள். இருட்டிய பிறகு ஃபெய்ரின்யா சந்தைக்கு வாருங்கள். ஆலிவ், சீஸ், ஒயின் வாங்கப் பிரேசில்காரர்கள் பாலம் தாண்டி வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு மேசையில் ஸ்பானிஷும் போர்ச்சுகீஸும் கலந்தே ஓடும்.

திரும்பும் நாள்

விமான நிலையம் ஊரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், அருவிப் பூங்காவின் திசையில்தான். பிற்பகல் விமானம் என்றால் காலையில் இன்னொருமுறை தொண்டைக்குப் போய்வரலாம், நாங்கள் போனோம். குளிர்காலக் காலை விமானங்கள் மூடுபனியால் தாமதமாகலாம், இணைப்பு விமானத்துக்கு இடைவெளி விடுங்கள்.

சென்னையில் இறங்கியதும் குடியேற்ற வரிசைக்கு முன்பே சுகாதார மேசையில் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார்கள். தடுப்பூசிச் சான்றான மஞ்சள் அட்டையைச் செக்-இன் பெட்டியில் போட்டுவிட்ட ஒருவர் பதறிக்கொண்டு நின்றார். அந்த அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் கைப்பையில் வையுங்கள். ஒருமுறை போட்ட ஊசி ஆயுளுக்கும் செல்லும், அட்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.